பொழுது சாய்ந்தால் நான் இல்லை

எனக்கு வந்த நோயைப் பற்றி எழுதும்படி டாக்டர்தான் சொன்னார். இதே நோயோடு யாராவது எங்கேயாவது பைத்தியம் என்றோ குடிகாரன் என்றோ பெயர் வாங்கிக்கொண்டு கிடக்கலாம், படித்துவிட்டு அவர்கள் வீட்டார் கூட்டிவந்து காட்டினால் புண்ணியம் என்றார். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு சங்கடம் இருக்கிறது. இதில் பாதிக்கு மேல் நடந்தபோது நான் அங்கேயேதான் இருந்தேன், ஆனால் எனக்கு எதுவும் தெரியாது. என் மனைவி கவிதா சொன்னதையும், அவள் போனில் எடுத்துவைத்த வீடியோக்களில் பார்த்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கணபதி என்கிற பகுதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒல்லி உடம்பு. சோறு என்றால் வேப்பங்காய், இனிப்பு அதற்கும் மேல். டீயில் சர்க்கரை விழுந்தால் குமட்டும். கல்யாண வீட்டில் இலையில் விழுகிற ஜிலேபியைப் பக்கத்து இலைக்காரர் யாரென்று பார்க்காமல் தள்ளிவிடுவேன். முட்டை, கொள்ளு, தட்டைப்பயறு இருந்தால் போதும். சட்டைப் பையில் வறுத்த நிலக்கடலை எப்போதும் இருக்கும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் பாயசத்தை வேண்டாம் என்றதற்கு, மாப்பிள்ளைக்கு ரொம்பத் திமிர் என்று பேசிக்கொண்டார்களாம்.

முதல் தடவை அது நடந்தது ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்த நாளில். அங்கே பிடித்த பிடியில் கேசரியும் சர்க்கரைப் பொங்கலும் தின்ன வேண்டியதாகிவிட்டது. வீடு வந்து சேர்ந்தோம். விளக்கு வைக்கிற நேரம். கவிதா சமையலறையிலிருந்து வந்திருக்கிறாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன்.

"வாங்க அம்மணி. ஊட்டுல ஆருமில்லீங்களே. நீங்க எந்தூருங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "என்னங்க கூத்து இது?"

"இல்லீங்க, இந்த ஊட்டுக்காரம்மா கடைக்குப் போயிருக்காங்க. வந்து பாத்தாங்கன்னா சங்கடப்படுவாங்க. கோவிச்சுக்காம நீங்க கெளம்புங்க."

வாசல்வரை கூடவே போய், செருப்பைக் கூட எடுத்து வைத்து, அவளை அவள் வீட்டிலிருந்தே வழியனுப்பி வைத்திருக்கிறேன். "நீங்க என்னைத் திட்டியிருந்தாக்கூட எனக்குப் பயமாயிருந்திருக்காது. அத்தனை மரியாதையாப் பேசினீங்க பாருங்க, அப்பத்தான் பயம் வந்துச்சு," என்று கவிதா இப்போதும் சொல்வாள். அன்று நான் அப்படியே தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து, ராத்திரி ஏன் சாப்பிட எழுப்பவில்லை என்று அவளோடு சண்டை போட்டது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் அவ்வப்போது வந்தது. ஒரு வீடியோவில் கூடத்தின் நடுவில் நின்று வெறுங்காற்றில் லேத்தின் சக்கரத்தைச் சுற்றுகிறேன். கை கணக்காகச் சுற்றி, நிறுத்தி, குனிந்து அளவு பார்க்கிறது. பிறகு கடைந்து முடித்த சாமானை இரண்டு கையாலும் எடுத்து இடது பக்கம் நீட்டுகிறேன். "பாத்துப் புடிங்க, சூடா இருக்குது," என்கிறேன். இடது பக்கம் சுவர்தான் இருக்கிறது. ஆனால் எதிரே இருப்பவர் வாங்கிக்கொண்ட மாதிரி என் கை இலேசாகி மேலே எழும்புகிறது. அந்த வீடியோவை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்கத் தைரியம் வரவில்லை.

சொந்தபந்தம் கூடிப் பேசியது. ஆளாளுக்கு ஒன்று சொன்னாலும் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். "கடலக்காயத் தின்னு தின்னு பித்தம் தலைக்கேறிப் போச்சு." எங்கள் பக்கம் தலை சுற்றினாலும் கடலைதான், வாந்தி வந்தாலும் கடலைதான் குற்றவாளி. கடலையை ஒளித்து வைத்தார்கள். முட்டை சூடு என்று அதையும் நிறுத்தினார்கள். பித்தம் தணிய அரிசிக் கஞ்சியில் நாட்டுச்சர்க்கரை, கரும்புச்சாறு, பானகம் என்று பிரியமாக ஊற்றினார்கள். குமட்டக் குமட்டக் குடித்தேன். அவ்வப்போது வந்துகொண்டிருந்தது தினம் பொழுது சாய்ந்ததும் வர ஆரம்பித்தது.

பக்கத்திலிருந்த ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு தெரிந்தது. ரத்தத்தில் அம்மோனியா ஏறியிருந்தது. நாம் தின்கிற பருப்பு, முட்டை எல்லாம் செரிக்கும்போது உண்டாகிற கழிவு அது. அதைக் கல்லீரல் மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிட வேண்டும். முடியாவிட்டால் அது மூளைக்கு ஏறி ஆளையே மாற்றிவிடும். "எத்தனை வருசமாக் குடிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். நான் குடிப்பதில்லை என்றேன். கவிதா சத்தியம் செய்தாள். ஒருவரும் நம்பவில்லை. ஒரு நர்ஸம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, புருசனைக் காப்பாத்தணும்னா உண்மையைச் சொல்லிடுங்க என்று தோளைத் தட்டிக் கொடுத்தாராம்.

அம்மோனியா ஏறினால் பருப்பையும் முட்டையையும் குறைத்துவிட்டு குளுக்கோஸ் ஏற்றுவதுதான் வழக்கம். சாதாரணக் கல்லீரல் நோய்க்கு அது சரியான வைத்தியம், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பாட்டில் ஏற ஏற நான் போய்க்கொண்டே இருந்தேன். பகல், சாயங்காலம் என்ற வித்தியாசமும் இல்லாமல் போனது. நான் எழுந்து எங்காவது நடந்துவிடுவேன் என்று கவிதா தன் துப்பட்டாவால் என் மணிக்கட்டை அவள் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினாள். "ஏனுங்க அம்மணி, உங்களையும் புடிச்சுக் கட்டிப்போட்டாங்களா?" என்று நான் இரக்கமாக விசாரித்திருக்கிறேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள். எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பல்லடம் பக்கம் ஒரு ஊரில் வாக்கப்பட்டு, மாமா இறந்தபிறகு தன் மச்சாண்டார், அதாவது மாமாவின் அண்ணன், வைத்திருக்கிற விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். வருசமெல்லாம் அவளை யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த ஊர் அம்மன் கோயில் திருவிழாவான நோம்பி வந்தால் அக்காமேல்தான் சாமி இறங்கும். அன்று மச்சாண்டார் முதற்கொண்டு அவள் காலில் விழுந்து கேள்வி கேட்பார்கள்.

வார்டில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பயந்து தள்ளி நின்றபோது அக்கா மட்டும் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தாளாம். நான் கேட்டதற்கெல்லாம் விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகப் பதில் சொன்னாளாம். காற்றில் நான் நீட்டிய சாமானைக் கையேந்தி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளாம். போகும்போது கவிதாவிடம் சொல்லியிருக்கிறாள்: "பயப்படாத கண்ணு. இது நோயில்ல. எனக்கு வாரதுதான் இவனுக்கும் வருது. எடம் குடுக்கத் தெரியாம இவன் மல்லுக்கட்டறான்."

கவிதா மறுநாளே என்னை ஆம்புலன்ஸில் போட்டு அவிநாசி ரோட்டில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அக்கா சொன்னதை நம்பிவிடுவோமோ என்ற பயத்தில்தான் அவ்வளவு அவசரப்பட்டாளாம்.

அங்கே பரம்பரை நோய்களைப் பார்க்கிற டாக்டர், எங்கள் வயதுதான் இருக்கும், சத்தமே வராமல் பேசுகிற அம்மா. குடிப்பாரா என்று அவர் கேட்கவில்லை. "என்ன சாப்பிடுவார்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. எதைச் சாப்பிட மாட்டார்?" என்று கேட்டார். கவிதா ஜிலேபியில் ஆரம்பித்து என் மானத்தை மொத்தமாக வாங்கிவிட்டாள். கடலைக்கு வந்தபோது டாக்டர் எழுந்து போய், ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலைத் தன் கையாலேயே நிறுத்தினார். ரத்தம் எடுத்து ஐஸில் வைத்து ஒருவர் லேபுக்கு ஓடினார். அம்மோனியா பார்க்கிற ரத்தம் சூட்டில் காத்திருந்தால் கணக்கு தப்பாகிவிடுமாம். இன்னொரு குழாய் ரத்தம் ஜீன் பரிசோதனைக்குப் போனது. அதன் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

முடிவு வரும்வரை சந்தேகத்தின் பேரிலேயே வைத்தியம் நடந்தது. மருந்து ஒருபக்கம் இருக்க, முக்கிய வைத்தியம் சாப்பாடு. சோறும் சர்க்கரையும் குறைய, முட்டை வந்தது, பனீர் வந்தது. கவிதா வீட்டிலிருந்து கடலை வறுத்துக் கொண்டுவந்தாள். வார்டு நர்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கப் பார்க்க, இரண்டு பேருக்கும் பெரிய ரகளை. ஒரு நாள் பொழுது சாய்ந்தது. ஜன்னலில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. கவிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன்டி இப்படி முறைக்கற?" என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இன்ஷூரன்ஸ்காரர்கள் இந்த நோய் எங்கள் பட்டியலிலேயே இல்லை என்று கையை விரித்த நாளும் அதுதான். அன்றைக்கு அது அவள் காதில் ஏறவே இல்லை.

ஜீன் முடிவு வந்த அன்று டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். உடம்பில் ஒவ்வொன்றையும் செய்ய ஒரு ட்ராயிங் இருக்கிறது, அதுதான் ஜீன். அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. ஒன்றில் தப்பிருந்தாலும் இன்னொன்றை வைத்து வேலை ஓடிவிடும். சீக்வென்சிங் என்றால் அந்த ட்ராயிங்குகளை எழுத்தெழுத்தாகப் படித்துத் தப்பைத் தேடுவது. எனக்கு சிட்ரின் என்கிற ஒரு பொருளைச் செய்யும் ட்ராயிங் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு. கல்லீரல் அம்மோனியாவை மாற்றுவதற்கு வேண்டிய சரக்கை செல்லின் உள்ளறையிலிருந்து வெளியே கடத்திவிடுவது சிட்ரின். அது எனக்கு வேலை செய்யவில்லை. சர்க்கரையும் சோறும் அதிகமானால் இருக்கிற வேலையும் முடங்கிப்போகும். கடலையும் முட்டையும்தான் அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு உடம்பை ஓட்டுகின்றன.

"உங்க நாக்கு உங்களை இத்தனை வருசம் காப்பாத்தியிருக்கு," என்றார் டாக்டர். எனக்குச் சந்தோஷத்தைவிட ஒரு மாதிரியாக இருந்தது. ஜிலேபியை நான் தள்ளவில்லை, எனக்குள்ளே இருந்து வேறு எதுவோ தள்ளியிருக்கிறது.

"அப்பா அம்மா சொந்தமா?"

"அம்மாவுக்கு அப்பா அத்தை பையனுங்க."

அப்படியானால் இரண்டு தப்பும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் என்றார். அது ஆணோ பெண்ணோ, எந்தக் காட்டில் உழுதவரோ, தெரியாது. அவருக்கு ஒரு பிரதியில்தான் தப்பிருந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. அவர் செத்து எத்தனையோ காலம் ஆனபிறகு, ஒரு வழியில் அப்பாவுக்குள்ளும் இன்னொரு வழியில் அம்மாவுக்குள்ளும் நடந்து வந்து என் உடம்பில் சேர்ந்திருக்கிறார். இதை நினைத்தபோது எனக்கு இடது பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

"கூடப் பிறந்தவங்களுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. உங்க அக்கா எப்படிச் சாப்பிடுவாங்க?"

அக்காவும் இனிப்பைத் தொடமாட்டாள். தறிக்கூடத்தில் கொள்ளும் கடலையும்தான் அவள் சாப்பாடு. நோம்பிக்குக் காப்புக் கட்டியதும் அதையெல்லாம் விட்டுவிட்டு விரதம் இருப்பாள். பானகம், பழம், வெல்லம் கலந்த பச்சரிசி மாவு, இவ்வளவுதான். விரதம் முடிகிற அன்று சாமி வரும். வந்தது, பேசியது எதுவும் அவளுக்கு நினைவிருக்காது. போன நோம்பியில் சாமி மலையேறிய பிறகும் அவள் மறுநாள் வரைக்கும் கண் திறக்கவில்லை. அம்மனுக்கு அவளை விட்டுப்போக மனசில்லை என்று ஊரே பெருமைப்பட்டது.

டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இந்த வருசம் விரதம் இருந்தாங்கன்னா கண்ணு திறக்காமலே போயிடலாம்," என்றார். நோம்பிக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன.

நானும் கவிதாவும் பல்லடம் போனோம். தறிச் சத்தத்தில் பேச முடியாது. அக்கா வெளியே புளிய மரத்தடிக்கு வந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை தலையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப எஞ்சாமி வெறும் நோயிங்கறயா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா. ரத்தத்தப் பாத்துரலாங்கறேன்."

"பாத்து? இருக்குதுன்னு வந்தா? வருசமெல்லாம் நான் இங்க நாயி மாதிரி கெடக்கறேன் கண்ணு. அந்த ஒரு நாளுதான் எனக்குன்னு இருக்குது. அன்னிக்கு நான் ஆருன்னு எனக்கே தெரியாது, ஆனா ஊருக்குத் தெரியும். அதயும் வந்து புடுங்கிக்கிட்டுப் போறியா?"

டாக்டர் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனவன் நான், ஆனால் கவிதாதான் பேசினாள். "அண்ணி, இவர் என்னைப் பாத்து ஆருன்னு கேட்டாரு. நீங்க சாமியா நிக்கறப்ப உங்களுக்கும் இவரு ஆருன்னு தெரியலீன்னா, அப்பறம் இவருக்குன்னு ஆருங்க இருக்கறாங்க?" அக்கா சேலையில் கையைத் துடைத்து நீட்டினாள். "ரத்தந்தானே. எடுத்துக்கங்க."

தேடவேண்டிய இடம் தெரிந்துவிட்டதால் அக்காவின் முடிவு சீக்கிரம் வந்தது. இரண்டு பிரதியிலும் அதே இடத்தில் அதே தப்பு. போனில் சொன்னேன். தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்டாள்: "கடலக்காயத் தின்னுபோட்டுப் போயி நின்னா சாமி வருமா?"

"தெரியலக்கா."

"ம். தின்னுபோட்டே நிக்கறேன். வந்தா வரட்டும், வராட்டி அதுவும் எல்லாருக்கும் தெரிஞ்சு போகட்டும்."

டாக்டர் தடுக்கவில்லை. விரதம் மட்டும் கூடாது, அன்றைக்கே ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்றார். நோம்பியன்று காரிலேயே வைத்துக் கவிதா அவளுக்கு முட்டையும் கடலையும் ஊட்டினாள். அக்கா மஞ்சள் சேலையில், தலை நனைந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தாள். விரதமில்லாமல் போய் நிற்கிறாளே, தெரிந்தால் ஊரில் என்ன பேசுவார்களோ என்று நான் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

பம்பை முழங்கியது. அக்கா கைகூப்பி அம்மன் முன்னால் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. பூசாரி திருநீறு போட்டார். பம்பைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். வழக்கமாக அந்த நேரத்துக்கு அவள் விரல்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். என் விரல்களும் கவிதா எடுத்த இன்னொரு வீடியோவில் அப்படித்தான் அடித்துக்கொள்கின்றன. அன்று அக்காவின் விரல்கள் அசையவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மச்சாண்டார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் கழுத்தில் வியர்வை ஓடியது. ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் உயிர்க்கடன் பட்டிருக்கிற நான், வந்துவிடு தாயே, அவளைக் கைவிட்டுவிடாதே என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டேன்.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். உடம்பில் ஆட்டமில்லை, கூச்சலில்லை. பம்பைக்காரர்கள் எதற்கென்றே தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். முன்வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவள் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சாண்டாரைக் கூப்பிட்டாள். அவர் காதில் மட்டும் என்னவோ சொன்னாள். மனிதர் வெளுத்துப்போய்ப் பின்னால் நகர்ந்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெகுநேரம் கழித்துத்தான் சாமி மலையேறியது. அக்கா மயங்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தானே நடந்து காருக்கு வந்தாள்.

நேராக அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தோம். ரத்தம் ஐஸில் வைத்து ஓடியது. நாங்கள் வெளியே வரிசை நாற்காலிகளில் காத்திருந்தோம். டாக்டரே முடிவை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மோனியா துளிகூட ஏறவில்லை, எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது, பயமில்லை என்றார். கவிதா அக்காவைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா பிழைத்துவிட்டாள்.

டாக்டர் போனபிறகு நான் அவளருகில் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டேன். "அக்கா, உண்மையைச் சொல்லு. அங்க பேசினது நீதான?"

அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள். "நானில்ல கண்ணு. ஆனா கூடவே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். சொன்னது ஒவ்வொண்ணும் ஞாபகமிருக்குது. இன்னிக்கு வந்தது அம்மந்தான், எனக்கு நல்லாத் தெரியும்." சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கைகள் மடியில் சும்மா கிடந்தன. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்ப இத்தன வருசமா வந்துட்டுப் போனது ஆரு கண்ணு?"